கதவை மூடியவளை நாங்கள் வெறுக்கவில்லை

நம் வாசகர் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். நாற்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறவர்கள், காற்றைச் சாடிகளில் அடைத்துவைத்த ஒரு நாட்டைப் பற்றி இப்படி அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கோட்டைக் கதவை மூடியவள் துரோகியா, இல்லையா? இதுதான் வழக்கு. நடுப் புத்தகத்தைப் பாதி படிக்கும்போது அவளைத் திட்டித் தீர்க்காதவர்கள் உலகத்தில் யாராவது உண்டா என்று ஒருவர் சவாலே விட்டிருந்தார்.

உண்டு. நாங்கள் நான்கு பேர் இருந்தோம், திண்டிவனத்தில். எங்களுக்கு அவள்மேல் ஒரு நொடிகூடக் கோபம் வரவில்லை. நாங்கள் ஒன்றும் பெரிய மனசுக்காரர்கள் இல்லை. அதற்குக் காரணம் என் அப்பா. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத் தொடரைப் படிக்காமல் குழுவில் சும்மா எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ராஜா தன் நாட்டுக் காற்றையெல்லாம் பிடித்துச் சாடிகளில் அடைத்துவிடுகிறான். மூன்று பிள்ளைகள் ஒரு நாயையும் படகில் ஏற்றிக்கொண்டு, துடுப்புப் போட்டே கடலைக் கடந்து, காற்றை விடுவிக்கப் போகிறார்கள். வழியில் ஒரு கோட்டை நகரம். அதன் கதவைக் காப்பவள், அந்தப் பிள்ளைகளைச் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்தவள். அவளை நம்பிப் பசியோடு வந்து நிற்கிறவர்களின் முகத்துக்கு நேராகக் கதவை மூடிவிடுகிறாள். ஏன் மூடினாள் என்பது பல அத்தியாயங்கள் கழித்துத்தான் தெரியவரும். நகரத்துக்குள் ஒரு சாம்பல் மூட்டம் இறங்கியிருக்கிறது. உள்ளே போனவர்களுக்குத் தங்கள் பெயரே மறந்துபோகும். அவள் உள்ளே இருந்துகொண்டு பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டாள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் புத்தகம் பைண்ட் செய்கிற கடை. பள்ளிக்கூட நோட்டுகள், வக்கீல்களின் கட்டுகள், கோயில் பாட்டுப் புத்தகங்கள், எல்லாம் அங்கேதான் வரும். கடைக்குள் நுழைந்தாலே, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை மூக்கில் ஏறும். அது எனக்குப் பிடிக்கும். மழைக்காலத்தில் பசை காயாது, நாள் முழுக்க அந்த வாசனையிலேயே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அப்பா கதவில் ஒரு பாதியை மட்டும் திறந்துவைத்துவிட்டு, உள்ளே காலிகோ துணிச் சுருள்மேல் தலைவைத்துப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் கடையின் முன்பக்கம் எங்களுடையது.

நாங்கள் என்றால், முதலில் அண்ணன். பெரியப்பா மகன், பதினொன்றாம் வகுப்பு, அவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை. அடுத்து போஸ்ட்மாஸ்டர் மகள். எங்கள் எல்லாரையும்விட இங்கிலீஷை அழகாக உச்சரிப்பாள், அதை அவளே சொல்லுவாள். மூன்றாவது ஹாஸ்டல்காரி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்து கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அம்மா போய்ச் சொல்லி அவளை வெளியே அழைத்து வருவாள். நான்காவது நான், பைண்டர் மகள். காற்றை அடைத்த நாட்டின் முதல் புத்தகத்தை ஒருவர் பின் ஒருவராகப் படித்து முடித்து, நடுப் புத்தகம் எப்போது வரும் என்று நாங்கள் தவம் கிடந்த மழைக்காலம் அது.

புத்தகம் எங்கிருந்து வந்தது? அதுதான் வீட்டில் ரகசியம். என் அம்மாவின் தங்கை, என் சித்தி, குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது பாரம் குறைக்க விட்டுப்போகும் புத்தகங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து எனக்குக் கொடுப்பாள். ஆனால் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அது அப்பாவின் உத்தரவு.

அவளுக்கு விழுப்புரத்தில் கல்யாணம் பேசி முடித்தவர் அப்பாதான். அம்மாவைப் பெற்றவர் இல்லாத வீட்டில் அப்பாவே தகப்பன் இடத்தில் நின்றார். எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லாரும் மெச்சிய கல்யாணம். ஒரு வருஷத்துக்குள் சித்தி அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலில் வைத்து அப்பாவைப் பார்த்து, நல்ல பொண்ணப் புடிச்சிக் குடுத்தீங்க என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா அன்று வீட்டுக்கு வந்து, "அவ பேர இந்த வூட்ல எடுக்காதீங்க" என்றார். அதோடு சரி.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவளுக்கு இருந்த ஒரே ஆசை எனக்குத் தெரியும். நல்ல குழம்பு வைத்த நாளெல்லாம், "அவ வந்து ஒரு வாய் சாப்ட்டான்னா போதும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள். தங்கை ஒரே ஒருநாள் தன் வீட்டில் வந்து உட்கார வேண்டும். அதற்குமேல் அம்மா எதுவும் கேட்டதில்லை. இரண்டு பேரும் திண்டிவனம் பஸ் நிலையத்தில், பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடத்தில், திருட்டுத்தனமாகச் சந்திப்பார்கள். அம்மா தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு போவாள். சித்தி அதைச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களுக்கு நடுவே சாப்பிடுவாள். நான் காவலுக்கு.

நடுப் புத்தகம் வந்த அன்று நல்ல மழை. சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருவதற்குள் பையின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. கெட்டி அட்டை போட்ட, தலையணை மாதிரி தடித்த புத்தகம். கீழ் விளிம்பு முழுவதும் தண்ணீர் குடித்து ஊதிக்கிடந்தது.

"அய்யோ, பாவி மழ, கெடுத்துடுச்சே" என்றாள் சித்தி, முந்தானையால் ஒற்றிக்கொண்டே.

"வுடுடி. பைண்டர் வூட்டுக்குத்தான போவுது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா கேட்டதற்கு, "ஹாஸ்டல் சிஸ்டர் படிக்கக் குடுத்தாங்க" என்று சொன்னாள். அடுத்த முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அம்மா வழக்கத்தைவிட நெடுநேரம் முழங்காலில் இருந்ததை நான் பார்த்தேன்.

புத்தகம் ஒன்று, ஆள் நான்கு பேர். யார் முதலில் படிப்பது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயதில் மூத்தவன் நான் என்றான் அண்ணன். புரிந்து படிக்கிறவள் நான் என்றாள் போஸ்ட்மாஸ்டர் மகள். புத்தகம் எங்கள் வீட்டுடையது என்றேன் நான். ஹாஸ்டல்காரி ஒன்றும் கேட்கவில்லை, தன் முறை பொங்கலுக்கு அப்புறம்தான் வரும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா துணிச் சுருளிலிருந்து எழுந்து வந்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழம மனுசன் கண்ணு மூட முடியல. இன்னா பேஜாரு இது? குடு இங்க."

"சித்தப்பா, கிழிச்சிடாத!" என்று அண்ணன் கத்தினான்.

"கிழிக்கிறதுக்கா எனக்குக் கை குடுத்தாரு கடவுளு? ஆளு நாலு பேரு, புஸ்தகத்தயும் நாலு கட்டா ஆக்கிட்டா சண்ட முடிஞ்சிச்சி. ஒரு கட்டு முடிச்ச ஆளு பின்னாடி வர்ற ஆளுகிட்ட குடுத்துட்டு அடுத்த கட்டு எடுத்துக்கினு போவட்டும்."

அட்டையைப் பிரித்து, முதுகுப் பசையைச் சுரண்டி, தையல் நூலை வெட்டி, புத்தகத்தை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டையும் தனியாகத் தைத்து, மிச்சம் கிடந்த காலிகோவில் முதுகு ஒட்டினார். நல்ல புத்தகத்தை இப்படிப் பிரிக்கிறாரே என்று பயந்தேன். ஆனால் அவர் விரல்கள் அந்தத் தாள்களைத் தொட்ட விதத்தைப் பார்த்தபோது பயம் போய்விட்டது.

நனைந்து ஊதிய விளிம்பைப் பார்த்து முகம் சுளித்தார். கட்டிங் மிஷினில் வைத்துக் கீழ்ப்பக்கத்தை ஒரு விரற்கடை அளவுக்கு நறுக்கித் தள்ளினார். ஊதிப்போன விளிம்போடு பக்க எண்களும் சீவலாகக் கீழே விழுந்தன. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா, எங்களில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிறகு நான்கு கட்டுகளையும் இறுக்கியில் வைத்துத் திருகினார். சாயங்காலம் கரண்டு போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டுகளை எடுத்து, அடுக்கி, அட்டையில் நீலப் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அத்தியாயங்களுக்கும் எண் இல்லை, தலைப்பும் ஒரு சின்னப் படமும்தான். இரண்டாவது மூன்றாகவும் மூன்றாவது இரண்டாகவும் ஆகிப்போனது அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான்.

எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் பாட்டுக்குப் படித்தோம்.

முதல் கட்டு முடியும்போது பிள்ளைகள் படகில் ஏறிப் புறப்படுகிறார்கள். அடுத்த கட்டைத் திறந்தால் படகே இல்லை! மூவரில் பெரியவன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மணல்வெளியில் நடக்கிறான். நாய் செத்துப்போகிறது. எங்கோ ஒரு நகரத்துக்குள் ஒருத்தி மூட்டத்தில் உட்கார்ந்து, தன் பெயர் மறந்துபோன நிலையிலும் மூன்று பிள்ளைகளின் பெயரைச் சுவரில் ஆணியால் கீறிக்கொண்டிருக்கிறாள், மறக்காமல் இருக்க. கதவை மூடினோமே, அவர்கள் திரும்பிப் போயிருப்பார்களா, பிழைத்திருப்பார்களா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறாள். எந்தக் கதவு என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் அவளுக்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அடுத்த கட்டில் படகு திரும்பி வந்துவிட்டது. பெரியவன் கை நன்றாக இருக்கிறது. நாய் வாலை ஆட்டுகிறது!

"நாயி பொழச்சிக்கிச்சி!" என்று ஹாஸ்டல்காரி கடைக்குள் குதித்தாள். எங்களுக்கும் அதே சந்தோஷம். அந்த நாட்டில் காலம் பின்னால் ஓடுகிறது என்று போஸ்ட்மாஸ்டர் மகள் விளக்கம் சொன்னாள். அண்ணன் அதை ஏற்கவில்லை.

"சினிமாவே பாக்க மாட்டியா நீ? இது ஃப்ளாஷ்பேக்கு. பெரிய ரைட்டருங்க அப்டித்தான் எழுதுவாங்க. ஜல்தியா புரியாது."

நாங்கள் ஒப்புக்கொண்டோம். மாயக் கதையில் எது நடந்தாலும் நியாயம்தானே! தவிர, இங்கிலீஷில் பாதி எங்களுக்குப் புரியவும் இல்லை. புரியாததை நாங்களே நிரப்பிக்கொண்டோம், அப்படி நிரப்பியது பல இடங்களில் அசலைவிட நன்றாக இருந்தது என்பது என் கட்சி. ஒருவாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். முன்னால் படித்தவர் பின்னால் வருகிறவரிடம் கதையைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். அண்ணன் அடிக்கடி சட்டத்தை மீறி எங்களிடம் குட்டு வாங்குவான்.

கதவை மூடுகிற இடம் வந்தது. எல்லாரும் அதைப் படித்து முடித்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே மழைவிட்டு வெயில் அடித்தது. அம்மா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்து அனுப்பியிருந்தாள், தோலை உரித்து உரித்துப் போட்டுக்கொண்டே பேசினோம். அவள் கதவை மூடியது சரிதான், ஆனால் ஒரு வார்த்தை காரணம் சொல்லிவிட்டு மூடியிருக்கலாம் என்றாள் போஸ்ட்மாஸ்டர் மகள்.

"சொல்லிக்கினு நின்னா அவனுங்க உள்ள வந்துடுவானுங்க" என்றாள் ஹாஸ்டல்காரி. "உன்ன வுட்டுட்டு நாங்க எப்டிப் போறதும்பானுங்க. எங்க ஊர்ல கடலு கொந்தளிப்பா இருக்கறப்ப இன்னா பண்ணுவாங்க தெரியுமா? கரையில அல பெருசா ஒடையும். படகு உள்ள வந்தா கவுந்துடும். எங்கம்மா மேட்டுல நின்னுக்கினு முந்தானிய அவுத்து வீசும், வராத, அங்கயே நில்லுன்னு. எங்கப்பா பசியோட அந்தாண்ட நிப்பாரு. ஊட்ல சோறு ஆறிக்கினு கெடக்கும். அப்பயும் வீசிக்கினே இருக்கும். பாக்கறதுக்கு வெரட்டுற மாரியேதான் இருக்கும்."

"உங்கப்பாவுக்குக் கோவம் வராதா?" என்றேன்.

"அவருக்குத் தெரியும்ல, ஏன் வீசுதுன்னு."

உள்ளே துணிச் சுருள்மேல் படுத்திருந்த அப்பா இருமினார். தூங்கவில்லை போலிருக்கிறது. "யாரும்மா அது கதவ மூடுனவ?" என்று கேட்டார். அண்ணன் கதையைச் சொன்னான், எங்கள் வரிசைப்படி. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்ல பொம்பள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சித்தி பஸ் நிலையத்துக்கு வந்தாள். அம்மா அதிரசம் கொண்டுபோயிருந்தாள். சித்தியும் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தாள். விடுதியில் பேசிப் பேசியே அவளுக்கு நல்ல இங்கிலீஷ் வந்துவிட்டிருந்தது. நான் ஆசையாகப் பேச ஆரம்பித்தேன்.

"கதவு மூடுற எடத்துல நான் அழுதுட்டேன் சித்தி. பாவம் அவ."

"பாவமா? அந்த எடத்துல எனக்கு அவள நாலு அற அறையணும்னு இருந்துச்சி. கடசியிலதான் பாவமாப் போச்சி."

"ஏன் சித்தி? உள்ள மூட்டம் இருக்குதே. அதான் மூடுறா."

"அது அப்ப எப்டித் தெரியும் உனக்கு? அது பின்னாடில்ல வருது?"

"பின்னாடியா? அது மொதல்லயே வந்துடுச்சே. அப்பறம் நாயி உயிரோட வருமே, அதுக்கு முன்னாடி."

சித்தி அதிரசத்தைக் கீழே வைத்தாள். "நாயி உயிரோட வருதா?" என்றாள். என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிறகு பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டே, "யாருடி பைண்ட் பண்ணது?" என்றாள்.

"அப்பா."

"மாமாவா? நான் குடுத்த புஸ்தகத்தயா?" என்றாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. பஸ் வரும்வரை என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் பைண்டர் மகள். தாள் வரிசை மாறுவது எங்கள் வீட்டில் கொலைக்குற்றம். இராத்திரிச் சாப்பாட்டில், "அப்பா, ரெண்டாவது கட்டும் மூணாவது கட்டும் மாறிப்போச்சிப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கை தட்டில் நின்றது. "இன்னா சொல்ற? என் கையிலயா?" என்றார். முகம் சிறுத்துப்போயிற்று. அத்தனை வருஷத்தில் அவர் கடைமேல் அப்படி ஒரு புகார் வந்ததில்லை. "யாரு சொன்னது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஹாஸ்டல் சிஸ்டர் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"என் தங்கச்சி சொல்லுச்சி. புஸ்தகம் அவ குடுத்ததுதான். முன்னாடி குடுத்ததும் அவதான். நான்தான் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கினு இருக்கேன், அப்பப்ப. இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கடைசியில், "கடைக்கு வரச் சொல்லு" என்றார்.

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"தப்பச் சொன்ன ஆளு முன்னாடிதான பிரிச்சித் தைக்கறது வழக்கம்? வக்கீலு கட்டுன்னாலும் அப்டித்தான் பண்றேன். எது முன்ன, எது பின்னன்னு அவளே வந்து காட்டட்டும். எனக்கு இங்கிலீசு தெரியாது."

"நான் காட்டறேன்பா" என்றேன்.

"நீங்க நாலு பேரும் செத்த நாய எழுப்புன ஆளுங்க. உங்கள நம்பறதுக்கில்ல."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சித்தி கடைக்கு வந்தாள். வெளிர்மஞ்சள் புடவை, கையில் ஒன்றுமில்லை. படிக்கு வெளியிலேயே நின்றாள். நாங்கள் நால்வரும் ஓரமாக நின்றோம். அம்மா வரவில்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். வருவாளோ மாட்டாளோ, ஆனாலும் சமைத்தாள்.

அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "உள்ள வாம்மா, மழத்தண்ணி சொட்டுது" என்றார். ஸ்டூலைக் காலால் தள்ளிப் போட்டார்.

நான்கு கட்டுகளின் தையலையும் பிரித்தார். சித்தி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வரிசையாக வைத்தாள். அப்பா அதோடு விடவில்லை. ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று கேட்டார். சரிபார்க்கிறாராம். சித்தி சொன்னாள். இரண்டாவதில் அவள் கதவை மூடுகிறாள், மாமா. பிள்ளைகள் அவளைச் சபிக்கிறார்கள். மூன்றாவதில்தான் மூட்டம் வருகிறது.

"நடுவுல எவ்ளோ பக்கம் வரும்?"

"நெறய வரும் மாமா."

"அது வரைக்கும் படிக்கிறவன்லாம் அவள இன்னா நெனப்பான்?"

"கெட்டவன்னுதான் நெனப்பாங்க. நானே அப்டித்தான் நெனச்சேன்."

அப்பா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார், கோக்க வரவில்லை. ஊசியை மேசைமேல் வைத்தார். முதல்முறையாகச் சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

"விழுப்புரத்துல இன்னாம்மா நடந்துச்சி? நான் உன்னக் கேக்கவே இல்ல."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எங்களைப் பார்த்து, "போயி கோயில்ல குடில் கட்டறாங்களான்னு பாத்துட்டு வாங்க" என்றார். எங்களுக்குப் போக மனசில்லை. அண்ணன்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு போனான். பாவி, அவனுக்கும் சில நேரம் புத்தி இருந்தது.

அங்கே அவள் சொன்னதை நான் வளர்ந்து வேலைக்குப் போகிற வயதில் அம்மா சொன்னாள். அவள் புருஷன் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவானாம். ஜன்னலையும் ஆணி அடித்திருந்தானாம். ஒருநாள் காய்ச்சலில் தண்ணீர்ப் பானைகூடக் காலியாகிக் கிடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்து அவளை வெளியே எடுத்திருக்கிறார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமா பார்த்துப் பார்த்துச் செய்த கல்யாணம், தெரிந்தால் தாங்கமாட்டார் என்று, தன்மேல் வந்த பேரையெல்லாம் வாங்கிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்குப் போய்விட்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது புத்தகம் தைக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அப்பா கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "நான் வாயில்லாத பொண்ணக் கொண்டுபோயி அங்க தள்ளிட்டு, மானம் போச்சின்னு இங்க உக்காந்துக்கினு இருந்துருக்கேன்" என்று என்னிடமோ பூட்டிடமோ சொன்னார். பிறகு சித்தியிடம், "நட, வூட்டுக்கு" என்றார்.

தெரு முழுக்க அவர்தான் முன்னால் நடந்தார். எதிரே வந்த பங்குக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும், யாரும் கேட்காமலேயே, "என் மச்சினிச்சி" என்று சொல்லிக்கொண்டே போனார். இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. பெரிய மனிதர்கள் தப்பாக நினைத்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தத் தெருவழியே நடந்தவர் என்று அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

வாசலில் தங்கையைப் பார்த்த அம்மா கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. அவள் கேட்டது இதைத்தான்:

"மாத்துப் புடவ எடுத்துக்கினு வந்தியா?"

"இல்லக்கா. நான் சாப்ட்டுட்டு சாயங்கால பஸ்ஸுக்கு..."

"யாரு வுட்டா உன்ன?" என்று சொல்லிவிட்டு அம்மா பீரோவைத் திறந்து தன் புடவை ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டாள். ஊதாக் கரை வைத்த வீட்டுப் புடவை. சித்தி அன்று எங்கள் வீட்டில் தங்கினாள்.

மறுநாள் விடிகாலையில் அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டே எழுந்து வந்து, அடுப்பங்கரையில் முதுகு காட்டி நின்ற ஊதாக் கரைப் புடவையைப் பார்த்து, அம்மா என்று நினைத்து, "காப்பி குடு" என்றார். அம்மா அப்போது என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போன என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சித்தி காப்பி போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள். அப்பா டம்ளரை வாங்கியபோதுதான் ஆளைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

"சக்கர கம்மி" என்றார்.

சித்தி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என் தலையில் பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரிடமும் அப்பா அப்படிச் சொன்னதில்லை. என் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அம்மா அப்போதுதான் அழுதாள்.